நாலு மில்லிமீட்டர்

தெளிந்த நீரைத்தான் முதலில் சந்தேகிக்கக் கற்றேன்.
மாரண்டஹள்ளியில் எங்கள் தெருவின் போர்த்தண்ணீர்
கண்ணாடி மாதிரி இருக்கும்.
டம்ளரின் அடியில் வெட்டிய பெயரை
மேலிருந்தே வாசிக்கலாம்.
அதைக் குடித்துத்தான் என் வகுப்பில் பாதிப் பேருக்குப்
பல்லில் புகையிலை நிறம்.

இது ஆறு.
ஆடி மாதத்தில் செங்கல் கரைத்த மாதிரி
பென்னாகரம் மேட்டுக்கு ஏறி வருகிறது.
பார்த்தால் யாரும் வாய் வைக்க மாட்டார்கள்.
எனக்கு இந்தக் கலங்கல்மேல்தான் நம்பிக்கை.
தன் அழுக்கைத் தானே காட்டிக்கொண்டு வருகிறது,
மிச்சத்தைக் குளோரின் பார்த்துக்கொள்ளும்.

நாளொன்றுக்கு ஒரு கோடியே இருபது லட்சம் லிட்டர்.
இரண்டு தொட்டி.
எட்டு மீட்டர் அகலம், இருபத்தைந்து நீளம், ஆழம் மூன்று.
படிகாரம் விழும், துடுப்பு மெல்லச் சுற்றும்,
அழுக்கு அழுக்கைத் தேடிப்போய்ப் பஞ்சாகத் திரளும்.
அந்தப் பஞ்சு மணிக்கு ஒன்றேகால் மீட்டர் இறங்க வேண்டும்.
அதைவிடச் சோம்பேறியாக இறங்குவது
வடிகட்டி மணலின் தொண்டையில் போய் உட்காரும்.

இடம் போதாது என்றார் செயற்பொறியாளர் தணிகாசலம்.
பக்கத்துக் கொள்ளுக்காடு சிக்கம்மாவுடையது, தர மாட்டாள்.
"அகலத்தைப் பாதியாக்கு, ஆழத்தை இரட்டிப்பாக்கு.
கொள்ளளவு அதேதானே?"
அதேதான் சார்.
ஆனால் விழுகிற துகளுக்கு வேண்டியது தரை.
கிணறாகக் கட்டினால் விழுந்துகொண்டே இருக்கும்,
அடியைத் தொடுவதற்குள்
வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விடும்.
பென்சிலால் இரண்டு முறை வரைந்து காட்டினேன்.
மூன்றாம் முறை அவர் டீ வரவழைத்தார்.
சிக்கம்மா பதினொரு மீட்டர் கொடுத்தாள்,
கொள்ளு அறுத்த பிறகு,
முதல் குழாய் தன் வாசலுக்கு என்று எழுதி வாங்கிக்கொண்டு.

தண்ணீர் விட்ட மூன்றாம் நாள் இரவு
ஆபரேட்டர் மாதையன் போன் செய்தான்:
"மேடம், வடக்கு மூலைல மட்டும் பஞ்சு எழும்புதுங்க."

டார்ச்சோடு நடைபாதையில் குப்புறப் படுத்தேன்.
நீர் வழியும் தகட்டில் வரிசையாக வெட்டுப் பற்கள்.
தெற்கில் சொட்டு. வடக்கில் ஓடை.
குழாய் மட்டம் வைத்துப் பார்த்தோம்:
நாலு மில்லிமீட்டர் தாழ்வு.
ஒரு கொள்ளின் அகலம்.
அது போதும்,
ஒரு நதி முழுக்க அந்தப் பக்கம் குறுக்குவழி தேட.

பதினேழாம் நம்பர் ஸ்பேனர். எழுபத்திரண்டு போல்ட்.
அவன் தளர்த்த, நான் மட்டம் பார்க்க,
தூக்கி, முறுக்கி, மறுபடி தளர்த்தி.
பல்லைச் சரிசெய்கிறேன், வர விடிந்துவிடும் என்று
வீட்டுக்குச் செய்தி அனுப்பினேன்.
எந்தப் பல் என்று கேட்டாள் அம்மா.

துக்க வீட்டில் மனிதரை, இங்கே நீரை,
இரண்டையும் தேற்றுவது என்றே சொல்கிறோம்.
எனக்கு முதலாவது வராது.
போய் நின்று, செருப்பைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன்.

விடிந்தபோது எல்லாப் பற்களிலும் ஒரே நூல்.
தொட்டியில் நீர்
நிமிடத்துக்கு ஒரு சாண்கூட நகரவில்லை.
இரண்டு மணி இருபத்துநான்கு நிமிடத்துக்கு
தான் ஆறு என்பதை ஆறு மறக்க வேண்டும்.
அதற்குத்தான் இவ்வளவு கம்பி, இவ்வளவு சிமெண்ட்,
சிக்கம்மாவின் பதினொரு மீட்டர்.

திறப்பு விழாப் படத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள்.
நான் வழக்கம்போல் உதட்டை மூடிக்கொண்டு
ஓரத்தில்.
மாதையன் படத்தில் இல்லை.
கீழே கசடு ஓரடி ஏறிவிட்டதென்று
வால்வு திறக்கப் போயிருந்தான்.