ரூபிக்குச் சளி

பாயான் லெப்பாஸ் சரக்குக் கூடத்தில்
ஒரு செவ்வாய்க்கிழமை
நாய் உட்கார்ந்தது.

எங்கள் ரூபி குரைக்காது.
வெடிமருந்து மணத்தால்
பின்னங்கால் மடித்து
பரீட்சை எழுத வந்தவள் மாதிரி உட்காரும்.
வாரைப் பிடித்திருந்த ஜூலியஸ்
என்னைப் பார்த்தான்.
நான் கத்தியை எடுத்தேன்.

பெட்டிக்குள் பெட்டி.
உள்பெட்டியில் கருஞ்சிவப்பு வெல்வெட்.
வெல்வெட்டில் ஒரு பள்ளம்:
குழல், விசை, கைப்பிடி
எல்லாம் அச்சாக.
துப்பாக்கி மட்டும் இல்லை.

முகவரிக்காரர்
ஜெலுத்தோங்கில் பல்செட் செய்கிறவர்.
இருதயநாதன், வயது அறுபத்திரண்டு.
மழைக்கோட்டோடு வந்து
நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"நெசத் துப்பாக்கிதான் மேடம்.
ஒற்றன் படத்துல வந்தது.
பாலத்து மேல ரெட்டை ஒற்றனைச் சுடுவானே, அது.
சுட்டது பொய்த் தோட்டா,
துப்பாக்கி பொய் இல்ல.
வாங்குனது நான். இருக்கிறது அங்க,
வியன்னாவுல ஒரு பேங்க் பெட்டகத்துல.
இங்க கொண்டாந்தா
எனக்குக் கயிறா பிரம்பான்னு
உங்களுக்குத் தெரியாததா?"

பெட்டியை மட்டும் வரவழைக்கிறார்.
இது ஐந்தாவது.
ஐந்து துப்பாக்கிக்குச் சொந்தக்காரர்,
ஒன்றையும் தொட்டதில்லை.
வரிசை எண்களை
ஜெபமாலை போலச் சொன்னார்.
ஒன்றின் கைப்பிடியில் கீறலாம்.
ஒத்திகையில் நடிகர் கோபித்து எறிந்ததாம்.
அந்தக் கீறலைச் சொல்லும்போது
தன் கட்டைவிரலைத் தடவிக்கொண்டார்.

"பல் அச்செடுப்பவர்தானே நீங்கள்,
இதில் மாவு ஊற்றினால் போதுமே" என்றேன்.

"போதும்," என்றார்.
"அதனாலதான் ஊத்தல.
போலித் துப்பாக்கிக்கும் இங்க கேஸ் உண்டு.
அது கிடக்கட்டும்,
பகல் பூரா போலிப் பல்லு செய்றேன், மேடம்."

கையெழுத்துப் போட்டார்.
உள்ளடக்கம்: ஒன்றுமில்லை.
மதிப்பு: பதினெட்டாயிரம் வெள்ளி.
என் மேலதிகாரி அந்தப் படிவத்தை
இரண்டு முறை வாசித்தார்.

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.
"நாய் நெசமாவே உட்கார்ந்ததா?"
"உட்கார்ந்தது."
"சர்ட்டிபிகேட் யாரும் அடிக்கலாம்.
நாய் பொய் சொல்லாதே...
வீட்ல இன்னும் நாலு இருக்கு.
ஒரு தடவை கூட்டிட்டு வரமுடியுமா?"

அரசாங்க நாய், முடியாது என்றேன்.

அடுத்த மாதம்
மேடானிலிருந்து ஒரு பெட்டி வந்தது.
அனுப்பியவர் அவர் மைத்துனர்.
பெறுபவர், ஜெலுத்தோங்.
ரூபி உட்கார்ந்தது.
போனில் சொன்னேன்.
மறுமுனையில் அரவை எந்திரம் நின்றது.

இரண்டாவதுக்கும் உட்கார்ந்தது.
மூன்றாவதுக்கு யோசித்து,
சுற்றி வந்து, உட்கார்ந்தது.

நான்காவது,
கடையை அடகு வைத்து வாங்கியது,
அவரே ஒருநாள் சொன்னது,
அதை ரூபி
வாழைத்தார் வண்டியைக் கடப்பது போல்
கடந்து போனது.
"இன்னொரு தடவை" என்றேன்.
ஜூலியஸ் திருப்பி நடத்தினான்.
கடந்து போனது.

எல்லோரும் தேநீருக்குப் போனபின்
பெட்டியைத் திறந்து
பள்ளத்தில் என் மூக்கை வைத்தேன்.
இரும்பு இல்லை, எண்ணெய் இல்லை, புகை இல்லை.
கிராம்புத் தைலம்.
பல்வலிக்காரர்களின் ஈறிலிருந்து
அவர் விரலுக்கு ஏறி,
விரலிலிருந்து
ராத்திரி ராத்திரியாக
வெல்வெட்டுக்கு இறங்கிய மணம்.

போன் அடித்தது.
கூரையில் மழை வேறு.
"மேடம், உட்கார்ந்ததா?"

இருபத்தாறு வருடச் சேவையில்
வராத பொருளை வந்ததாக
ஒருநாளும் எழுதியதில்லை நான்.
"ரூபிக்கு இன்னைக்குச் சளி" என்றேன்.

கொஞ்ச நேரம் மழை மட்டும்.

"பாவம்," என்றார்.
"வெந்நீர் கொடுக்கச் சொல்லுங்க.
அவசரமில்ல."