இருட்டுக்கு ஒரு மனு

சொல்லாமல்தான் வந்தார்
நாடாளுமன்றத்தின் குறைதீர்ப்பாளர், துயிரே ஹவுகாய்னென்.
பூட்ஸில் பனி. கையில் தன் தெர்மாஸ்.
எங்கள் காப்பியைத் தொடவில்லை.

கோப்புகளை நீட்டினேன்.
"பிறகு" என்று நடந்தவர்
பதினான்காம் அறையில்
கைதியிடம் அனுமதி கேட்டு
(கைதியிடம்!)
அவன் கட்டிலில் மல்லாந்தார்.

கூரையில் எங்கள் விளக்கு,
பாதுகாப்புக்காக விடிய விடிய எரிவது.
நான்கு நிமிடம். பதினொன்று.
என் கைக்கடிகாரம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"எத்தனை இரவு?"
"நாற்பத்தொன்று."

கெமி ஆற்றங்கரையில் ஜனவரிப் பகல் மூன்று மணி நேரம்.
வெளிச்சத்துக்கு ஊரே ஏங்குகையில்
இவன் இருட்டுக்கு மனுப் போட்டிருக்கிறான்,
மளிகைச் சீட்டின் பின்புறம், பென்சிலில்.

"அணைக்க உத்தரவிடுவீர்களா?"
"அந்த அதிகாரம் எனக்கில்லை. எழுதுவேன்."
மூடியைத் திருகி மூடினார்.

உத்தரவென்றால் மேல்முறையீடு செய்திருப்போம்.
வந்ததோ ஆறு பக்கம், நாடே படிக்கலாம்.
என் பெயர்கூட இல்லை:
'பொறுப்பிலிருந்த அலுவலர்'.
மூன்றாம் பக்கத்தை என்னால் தாண்ட முடியவில்லை.

அன்றிரவு
யாரும் சொல்லாமலே சுவிட்சைத் தேடிப் போனேன்.
சில்லென்றிருந்தது.

கதவுக்கு அப்பால்
ஒருவன் புரண்டு படுக்கும் சத்தம்.
கொஞ்ச நேரம் நின்றேன்.
எனக்குத்தான் வழி தெரியவில்லை.