ஏற்கெனவே உள்ள நோய்கள்

களியக்காவிளை ஸ்டாண்டுக்கு எதிரே
மாடியில் ஒற்றை அறை, ஏஜென்ட் வின்ஸ்லாலுக்கு.
கொச்சியிலிருந்து கப்பல். ஐந்து இரவு.

சர்க்கரை, பிரஷர், நெஞ்சில் ரெண்டு ஸ்டென்ட்.
என் பக்கம் நிறைய நிறைய
பிரீமியம் ஏறுகிறது.
"ஸ்டென்டை விட்டுடலாமா?"
"விடலாம் சார். நடுக்கடல்ல நெஞ்சு வலிச்சா
கம்பெனியும் உங்கள விட்டுடும்."
ஹெலிகாப்டர் வந்து தூக்கினால் எவ்வளவு என்று
கால்குலேட்டரில் தட்டிக் காட்டினார்.
அந்தத் தொகைக்கு
வீட்டின் மேல் இன்னொரு வீடு கட்டலாம்.

அடுத்தது இவள் பக்கம்.
"அவளுக்கு ஒண்ணும் கிடையாது, கோடு போடுங்க" என்றேன்.
ரோஸ்லெட் பேனாவை வாங்கிக்கொண்டாள்.
தைராய்டு, என்று எழுதினாள். அது தெரியும்.
பிறகு எழுத்தைச் சின்னதாக்கி:
இடது மார்பில் கட்டி. நீக்கியது.
நெய்யாற்றின்கரை. போன மார்ச்.

"இது கவர் ஆகுமா?"

வின்ஸ்லால் ஜன்னலைப் பார்த்தார்.
கீழே கேரளா பஸ் ஒன்று
பின்னால் வந்துகொண்டே இருந்தது,
யாரோ தகரத்தைத் தட்டித் தட்டி
வா வா என்றார்கள்.

போன மார்ச்.
தங்கச்சி வீடு என்று நாலு நாள்.
திரும்பும்போது
ஏத்தங்காய் வறுவல் வாங்கி வந்தாள்.
பையை வலது கையில் மட்டும் பிடித்திருந்தாள்.

உப்பு கம்மி என்றேன்.