பதினாறாவது எழுத்து

இரண்டாம் எச்சரிக்கை ஏற்றியாயிற்று.
எபேனில் பாதிக் கட்டடங்கள் விளக்கணைத்துவிட்டன.
கடைசி மெட்ரோவுக்கு நாற்பது நிமிடம்.
எனக்கு இன்னும் ஒரு டெஸ்ட்.

ஆஸ்பத்திரி அட்டைக்கான மென்பொருள்.
பிறந்த தேதி நாளையாக இருந்தால்
அது எக்செப்ஷன் எறிய வேண்டும்.
எறிந்தால் என் திரையில் பச்சை,
சும்மா இருந்தால் சிவப்பு.
விழவேண்டிய இடத்தில் விழுகிறதா என்று
தள்ளிவிட்டுப் பார்க்கிற வேலை.
சம்பளம் தருகிறார்கள்.

காலையில் ழான்-நோயல் எழுதியவற்றைத் திறந்தேன்.
அத்தனையும் பச்சை, மழைக்குப் பிந்திய கரும்புத் தோகைபோல.
ஒரு டிரை, ஒரு கேட்ச்,
கேட்ச்சுக்குள் ஒன்றுமில்லை.
எதுவும் எறியப்படாவிட்டாலும் தேறிவிடும்.
வேறெதுவோ எறியப்பட்டாலும் தேறிவிடும்.
தேதி தவறென்று கத்தவேண்டிய இடத்தில்
டேட்டாபேஸையே காணோம் என்று கத்தியிருக்கிறது,
அதையும் விழுங்கிவிட்டுப் பச்சை.
ஏழு மாதமாக.

'யாரும் குறை சொல்லவில்லையே' என்றான்.
'சொல்கிற வாயைத்தானே பொத்தியிருக்கிறாய்' என்றேன்.
கிரியோலில் சொன்னதால் சிரித்தான்.

ஒவ்வொன்றாகத் திருத்தினேன்.
இன்ன பிழைதான் வரவேண்டும்,
இன்ன வாசகத்தோடு வரவேண்டும்,
வராவிட்டால் தோல்வி.

கடைசி விதி:
குடும்பப் பெயர் பதினைந்து எழுத்தைத் தாண்டினால் எறிக.
யார் போட்ட கணக்கோ.
உதாரணத்துக்கு நீளமாக ஒரு பெயர் வேண்டும்.
யோசிக்காமல் என்னுடையதைத் தட்டினேன்,
கப்பலிலிருந்து இறங்கிய எவனையோ
ஒரு குமாஸ்தா காதில் விழுந்தபடி
ரோமன் எழுத்தில் பதிந்துவைத்த அதே வடிவில்.
வீரபத்ரபிள்ளை.
எண்ணினேன். பதினாறு.

ஓட்டினேன்.
எறிந்தது: 'செல்லாத பெயர்.'
பச்சை.

கண்ணாடிக்கு வெளியே ஒரு தென்னை
காற்றுக்கு முதுகு காட்டி நின்றது.
கந்தோஸ் ஆஸ்பத்திரி சன்னலில் அம்மா,
கையில் அட்டை, பின்னால் வரிசை,
உள்ளே ஒருத்தி மறுபடி மறுபடி தட்டுகிறாள்.
என் டெஸ்ட்டில் குற்றமில்லை.
கேட்டது கேட்டபடி வந்திருக்கிறது.

எறிய வேண்டும் என்றிருந்த வரியை
எறியக்கூடாது என்று மாற்றினேன்.
சிவப்பு.
பெயரை மாற்றவில்லை. காரணம் எழுதவில்லை.
சிவப்பாகவே ஏற்றிவிட்டுப் பையை எடுத்தபோது
ரேடியோ மூன்று என்றது.
மெட்ரோ நின்றுவிட்டது.
இனி இரண்டு நாளுக்கு யாரும் வரமாட்டார்கள்.
சர்வருக்கு ஜெனரேட்டர் உண்டு.
எரியட்டும்.