ஒற்றைக் கோடு

மேட்டின் உச்சியில்தான் ஒரு கோடு சிக்னல் விழும்.
கம்பளியை இழுத்துப் போர்த்தியபடி ஏறுகிறாள் மாட்லாலி.
கீழே, லெசோத்தோவின் அந்தச் சரிவில்
பிஞ்சு மக்காச்சோளத்தை அடித்துப் போட்ட ஆலங்கட்டி
வரப்போரம் இன்னும் கரையாமல் கிடக்கிறது.

செகாகே எல்லைக்கு அந்தப் பக்கம்,
தங்கச் சுரங்கத்தில், பூமிக்கடியில்.
அவன் மேலே வரும் நேரம் பார்த்துக் கேட்க வேண்டும்:
செவலை எருதை விற்றுப்
பட்டாணி விதை வாங்கட்டுமா?

சின்னவனின் கால்சட்டை முழங்காலுக்கு மேல் போய்விட்டது.
அதைக் கேட்கப்போவதில்லை, அது அவள் பாடு.
எருது மட்டும் அவனுடையது.
ஆறு வருஷமாய் ஏர் பிடிப்பது யாரென்று
எருதுக்குத் தெரியும்.

"விற்கவா?" என்று கத்தினாள்.
காற்று.
இரைச்சலின் நடுவே "ம்..." என்றொரு சத்தம்.
இருமலாகவும் இருக்கலாம்.
கோடு அணைந்தது.

ஊர்த்தலைவர் வீட்டில் விற்பனைச் சீட்டு எழுதுகிறவர்
பேனா மூடியைக் கழற்றாமலே கேட்டார்:
"புருஷன் சரி என்றானா?"
"ம்" என்றாள்,
காதில் விழுந்ததை அப்படியே.

மூன்று ஞாயிறு கழித்து அவனே அழைத்தான்.
"செவலை எப்படியிருக்கு?"
"பட்டாணி முளைச்சிருச்சு."

அவன் பேசவில்லை.
நிமிடத்துக்கு இவ்வளவு என்று காசு போய்க்கொண்டிருந்தது.
பிறகு "ம்" என்றான்.
பிறகு நெடுநேரம் இருமினான்.

அன்று கேட்டது இரண்டில் எது என்று
இப்போது அவளுக்குத் தெரியும்.
"டாக்டரிடம் போ" என்றாள், கேட்கவில்லை, சொன்னாள்.
கீழே களை காத்திருந்தது.