பதினொரு எழுத்து

ஹட்டனில் நௌசாத்தின் ஸ்டிக்கர் கடையில்
எழுத்துக்கு அறுபது ரூபா.
புள்ளிக்குக் காசில்லை,
காலுக்கும் இல்லை என்றார்.
"கொம்புக்கு?"
"கொம்பு வந்தால் பேசிக்கொள்வோம்."

ஆட்டோ எடுத்து ஆறு நாள்.
பின் கண்ணாடி வெறுமையாய்க் கிடந்தது.
என்ன எழுதுவதென்று
வீட்டில் மூன்று இரவு வழக்கு.

பிலோமினா வேதாகமத்தை மடியில் விரித்து
விரல்விட்டு எழுத்தெண்ணிப் பார்த்தாள்.
அவளுக்குப் பிடித்த வசனம்
நாலாயிரத்தைத் தாண்டியது.
எனக்கு ஒரு வேல் போதும்.
"வேல் எழுத்தா, படமா?
படத்துக்குத் தனி விலை, அப்பா"
என்றாள் டிலக்சனா.

கடைசியில் அரிசி களைந்தபடி
பிலோமினாதான் தீர்ப்புச் சொன்னாள்:
"எதுக்கெடுத்தாலும் ஒன்னு சொல்லுவீங்களே,
அதையே ஒட்டுங்க."

அவன் பார்த்துக்குவான்.

எந்த அவன் என்று அவள் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
பதினாறு வருடம் ஒரே அறையில்
கற்பூரமும் மெழுகுதிரியும்
ஒரே தீப்பெட்டியில்தான் எரிகின்றன.
"மாதாவை எப்படி அவன் என்கிறது?"
என்று சின்னவள் மட்டும் முறைத்தாள்.
நௌசாத் அறுநூறுக்கு இறங்கிவந்தார்.

நோர்வூட் சந்தியில் பஸ்காரர் சுனிமல்
"என்ன எழுதியிருக்கு?" என்று சிங்களத்தில் கேட்டார்.
சொல்லத் தெரியவில்லை.
வானத்தைக் காட்டினேன்.
அவரும் அண்ணாந்து பார்த்து
"மழை வருமோ?" என்றார்.

லீசிங் கட்டுப் பிந்திய மாதம்
பிரேக் கீச்சிட ஆரம்பித்தது.
லைனிங் மாற்றவில்லை.
பார்த்துக்குவான் என்று ஓட்டினேன்.
பதினெட்டாம் நாள், பனி மூட்டம்,
மேப்பிரட்டு வளைவில் விறகுக்கட்டோடு ஒரு பெண்.
மிதித்தேன். நிற்கவில்லை. மறுபடி மிதித்தேன்.
அவள் சேலைக் கரை பம்பரில் உரச
வண்டி நின்றது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
கீழே விழுந்த ஒரு குச்சியைப் பொறுக்கி
கட்டில் செருகிக்கொண்டு நடந்தாள்.
ஏசியிருந்தால்கூட
அன்று ராத்திரி சோறு இறங்கியிருக்கும்.

பிலோமினா எல்லாவற்றையும் கேட்டாள்.
பிறகு எழுந்து போய்
மாதா சுரூபத்துக்கு அடியிலிருந்து
நத்தார்ச் சட்டைக்கு மடித்து வைத்த காசை எடுத்து
என் சட்டைப் பையில் போட்டாள்.
"அவன் பார்த்துட்டான்" என்றாள்,
"இனி நீங்க பாருங்க."

ஆனியில் தொடங்கிய மழை
ஆவணி வரை விடவில்லை.
நௌசாத்தின் பசைக்கு அத்தனை தாங்காது.
முதலில் அவன் போனான்,
ஒரு நாளில் ஒரு எழுத்தாக.
பிறகு நடுவில் க்,
அடுத்த வாரம் கு.
கடைசி ன் எங்கே விழுந்ததோ தெரியாது.
பொகவந்தலாவை வழியில்
ஏதாவது ஒரு தேயிலைச் செடியில்
இன்னும் ஒட்டியிருக்கலாம்.

கழுவும்போது டிலக்சனாதான் கத்தினாள்:
"அப்பா, வாசிச்சுப் பாருங்க!"

பார்த்து     வா

சோப்பு நுரையோடு நின்றேன்.
காலை ஐந்தரைக்கு,
கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டுமுன்
பிலோமினா தினமும் சொல்வது.
"ம்" என்பேன், திரும்பாமல்.
எத்தனை வருடம்
ஒரு ரூபா கொடுக்காமல் கேட்ட இரண்டு சொல்.

சுனிமல் மறுபடி கேட்டார்.
இந்த முறை சொல்லத் தெரிந்தது.
"என் வீட்டிலும் இதேதான்" என்று
ஹோர்னை ஒரு தட்டுத் தட்டிப் போனார்.

நௌசாத் மனசு கேட்காமல்
விழுந்த எழுத்துகளைச் சும்மா ஒட்டித் தருகிறேன் என்றார்.
இருக்கட்டும் என்றேன்.

எழுத்துதான் போனது, பசை போகவில்லை.
புழுதி பிடித்து,
சாயங்கால வெயில் சரிவாய் விழும்போது
அவன் என்று இன்னும் வாசிக்கலாம்.
மழை நாளில் தெரியாது.
மழை நாளில் பிலோமினா
தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு
ரோட்டு வரைக்கும் வந்து சொல்லிவிட்டுப் போவாள்.