பதினொரு நிமிடம்

நெற்கஃபே மூடியபோது
ஜெகதாசன் பாதி விலைக்குத் தந்த பெட்டி.
நெற்றியில் இன்னும் ‘இலக்கம் 7’ ஸ்டிக்கர்.
எத்தனை பேர் இதில் விசாப் படிவம் நிரப்பினார்களோ.
விசிறியைக் கழற்றினால்
உள்ளே ஒரு தலையணைக்குப் போதுமான தூசு,
பல்லி முட்டைக் கோது ஒன்று.

பெருவிரல் நீளக் குச்சி ஒன்றைச் செருகி
வானத்தை இதற்குள் இறக்கப் பார்க்கிறேன்.
பெட்டிக்கு மூச்சு வாங்குகிறது.
வரும் குரலெல்லாம் நடுவில் க்ளக், க்ளக்,
விக்கல் எடுத்தவன் தேவாரம் படிப்பதுபோல.

“நொடிக்கு இருபத்துநாலு இலட்சம் மாதிரி எடுக்குது” என்றேன்.
“எது மாதிரி?” என்றாள் சுகிர்தா
தேங்காய் துருவியபடி.
பதில் தெரியவில்லை.
பத்து இலட்சமாகக் குறைத்தேன்.
விக்கல் பாதி அடங்கியது.

இணைய வயரைப் பிடுங்கினேன்.
வைரஸ் காவலாளியை வீட்டுக்கு அனுப்பினேன்.
தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் எதையும்
நான் சொல்லும்வரை புதுப்பிக்காதே என்றேன்.
திரையில் வழியும் நிற அருவியை
நொடிக்கு அறுபது சட்டத்திலிருந்து எட்டாக்கினேன்;
அருவி சொட்டுச் சொட்டாயிற்று.
நாலு கோரில் ஒன்றை
கோயிலுக்குக் கிடாய் விடுவதுபோல
ரேடியோவுக்கென்றே நேர்ந்துவிட்டேன்.
குச்சியை மூன்று மீற்றர் தள்ளி வைத்து
வயரின் கழுத்தில் ஃபெரைட் வளையம் கட்டினேன்.
“தாயத்தோ?” என்றாள் சுகிர்தா.

விக்கல் நின்றது.
இரைச்சல் நிற்கவில்லை.
விக்கல் என் பெட்டியின் குற்றம்,
இரைச்சல் ஊருடையது.
உவர்மலைச் சரிவில் எங்கள் ஒழுங்கை முழுக்க
மலிவான எல்இடி பல்புகள்,
சில்வெஸ்ரரின் மீன்தொட்டி மோட்டர்,
யாரோ கழற்ற மறந்த சார்ஜர்.
ஒவ்வொன்றும் திரையில் தன் பங்குக்கு
ஒரு வேலி போட்டிருந்தது.

அன்ரெனா வயரைப் பார்க்கும்போதெல்லாம்
அம்மா அடுத்ததாக வாசற்கதவைப் பார்ப்பாள்.
பேனா டோர்ச் பற்றரிக்கே
பதில் சொல்ல வேண்டியிருந்த ஊர்.
“இது கேட்க மட்டும்தான் அம்மா.”
“கேட்டதுக்கும்தான் கொண்டுபோனவங்கள்.”

ஐப்பசிக் கடைசி. காற்று.
ஏழே கால் மணிக்குக் கரண்ட் போனது.
மலையடிவாரம் வரை இருட்டு,
துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலைத் தவிர.
யூபிஎஸ் கத்தத் தொடங்கியது.
ஒன்பது நிமிடம் தாங்கும் என்றிருந்தான் கடைக்காரன்.

திரையில் வேலிகள் ஒரேயடியாகச் சரிந்தன.
யூபிஎஸ் மட்டும் ஒரு மெல்லிய கோடு கிழித்தது.
கிழிக்கட்டும்.
அத்தனை வாரமாய் நான் திருகியதெல்லாம்
ஒரு மின்வெட்டின் கால்தூசுக்குக் காணாது.

ஏழு மெகாஹேர்ட்ஸில் ஓர் ஆள்,
தமிழில்.
போர்ட் பிளேயராம். அங்கும் மழையாம்.
கொய்யா மரத்தில் கட்டிய வயர் அறுந்துபோய்
இப்போதுதான் ஏணி வைத்துக் கட்டினாராம்,
சறுக்கி முழங்கை உரிஞ்சுபோனதாம்.
எனக்கும் அவருக்கும் நடுவில்
தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை.
“யாராவது கேட்கிறீங்களா?”

கேட்கிறேன்.
என் பெட்டிக்குக் காது மட்டும்தான்.

எட்டு. ஒன்பது.
மொனிட்டரை அணைத்தேன்.
பத்து.
பெட்டி இன்னும் போகவில்லை.
குறைத்த சட்டங்கள், நிறுத்திய வேலைகள்,
இறக்கிய மாதிரிகள்
எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடமாகத்
திரும்பி வந்திருந்தன.
பேசி முடித்து அவர் காத்திருந்தார்.
அந்தக் காத்திருப்பும்
ஒரு விக்கல் இல்லாமல் வந்தது.

இருட்டில் அம்மா பின்னால் நின்றிருக்கிறாள்.
“ஆரது?”
“ஏணியிலை சறுக்கின ஒருத்தர்.”
“மருந்து போட்டவராமோ?
கேட்டுச் சொல்லு.”

பெட்டி அணைந்தது.